கல்லில் ஏறாத ழகரம்

2019ஆம் ஆண்டு என் கணவரின் இருதய சத்திரசிகிச்சைக்காக நாங்கள் வேலூரில் நாற்பது நாட்கள் தங்கியிருந்தோம். இலங்கையிலிருந்து அந்த ஊருக்கு வைத்தியத்துக்குப் போய்வந்தவர்களுக்கு அங்குள்ள நடைமுறை தெரிந்திருக்கும். மருத்துவமனையைச் சுற்றியுள்ள சந்துகளில் அறைகளை நாள் வாடகைக்கு விடும் வீடுகள் உண்டு. ஓர் அடுப்பும் நாலு பாத்திரமும் தந்துவிடுவார்கள், நோயாளிக்கு வேண்டியதை நாமே சமைத்துக்கொள்ளலாம். எங்களுக்கு அறை தந்த வீட்டுக்காரப் பெண்மணிக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. நான் அவரை அக்கா என்றே கூப்பிட்டேன். முதல்நாள் சாவியைக் கொடுக்கும்போது எந்த ஊர் என்று கேட்டார். கொழும்பில் இருக்கிறோம், சொந்த இடம் யாழ்ப்பாணம் என்றேன். அதற்குப் பிறகு இரண்டு நாட்கள் அவர் எங்கள் பக்கமே வரவில்லை. தண்ணீர்க் கேனைக்கூட மகனிடம்தான் கொடுத்தனுப்பினார்.

மூன்றாம் நாள் மாலை, ஒரு மஞ்சள் பையில் சுற்றிய சட்டமிட்ட படத்தோடு வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "இவன் என் தம்பி. உங்க ஊர்லதான் செத்தான்" என்றார்.

உண்மையைச் சொல்வதென்றால், நான் அந்தப் படத்தில் முகத்தைப் பார்ப்பதற்கு முன் தொப்பியையும் இந்தியப் படைச் சீருடையையும்தான் பார்த்தேன். 1987இல் பதினாலு வயதாக இருந்த எந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கும் அந்தச் சீருடை வெறும் துணியல்ல. அந்த ஒக்டோபரில் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் ஆயிரக்கணக்கானோரோடு நெருக்கியடித்துக்கொண்டு படுத்த இரவுகளின் ஷெல் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. முகத்தைப் பார்க்க எனக்குச் சற்று நேரம் எடுத்தது. பார்த்தபோது, மீசை சரியாக முளைக்காத, கமெராவுக்கு முன்னால் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்ற ஒரு பையன் தெரிந்தான்.

அவர் இறந்தது 1988இல், வன்னியில், கண்ணிவெடியில். வயது இருபத்திரண்டு. மதராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்து மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. வீட்டுக்குத் தந்தி வந்தது. உடல் வரவில்லை, சில வாரங்களுக்குப் பின் சாம்பல் ஒரு செம்பில் வந்தது. கொழும்பில் அந்தப் படையினருக்கு ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது, அதில் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள் என்று நான் சொன்னபோது அக்கா அதை நம்பவில்லை. "அவங்க எதுக்கும்மா எங்க பசங்களுக்குக் கல்லு வெப்பாங்க?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. அதை இலங்கை அரசே கட்டியது என்பதை அன்றிரவு கணவர் கைபேசியில் தேடிக் காட்டிய பிறகுதான் அவர் முகம் மாறியது.

இந்த அனுபவத்தை எழுதத் துணிந்ததற்குக் காரணம், தமிழ்நாட்டிலிருந்து இப்படி ஒரு பெயரைத் தேடி வரும் குடும்பங்களுக்கும், அவர்களைக் கூட்டிச்செல்ல நேரும் கொழும்புத் தமிழர்களுக்கும், நாங்கள் தட்டுத் தடுமாறிக் கற்றவை உதவக்கூடும் என்பதுதான். இடையில் கொரோனாவும், பிறகு இங்கே பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற ஆண்டும் வந்துபோனதால், அக்காவும் அவருடைய மகனும் கொழும்புக்கு வந்து சேர 2023 ஒக்டோபர் ஆகிவிட்டது.

காலத்தை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1987 ஜூலை 29ஆம் திகதி கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜயவர்தனவும் இலங்கை-இந்திய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மறுநாளே அணிவகுப்பு மரியாதையின்போது இலங்கைக் கடற்படைச் சிப்பாய் ஒருவர் துப்பாக்கிப் பிடியால் ராஜீவ் காந்தியைத் தாக்கினார் என்பதிலிருந்து தெற்கின் மனநிலையை ஊகித்துக்கொள்ளலாம். அமைதி காக்க வந்து இறங்கிய இந்தியப் படை (ஆங்கிலச் சுருக்கத்தில் ஐ.பி.கே.எஃப்.), ஒக்டோபரில் விடுதலைப் புலிகளோடு போரில் இறங்கியது. கடைசி அணிகள் 1990 மார்ச் 24ஆம் திகதி திருகோணமலையிலிருந்து கப்பலேறியபோது ஏறத்தாழ 1,200 இந்தியப் படையினர் இந்தத் தீவில் உயிரிழந்திருந்தனர். சென்னையில் திரும்பி வந்தவர்களை வரவேற்கும் நிகழ்வுக்கு அன்றைய முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. வடக்கிலும் வேண்டாதவர்களாகி, தெற்கிலும் வேண்டாதவர்களாகி, சொந்த மாநிலத்திலும் மாலை கிடைக்காமல் போன ஒரு படையில் சாதாரணச் சிப்பாயாக இருந்து செத்தவரின் குடும்பம், அந்தச் சாவைப் பற்றி ஊரில் யாரிடமும் உரக்கப் பேசியிராததில் வியப்பில்லை. பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் பெயரைப் பலரும் அறிவார்கள். 1987 நவம்பர் 25இல் யாழ்ப்பாணத்தில் இறந்தவர். மற்றவர்களை அவரவர் வீட்டுச் சுவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

முதலில் பெயர் விவகாரம். நான் தொழிலால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகளை மூன்று மொழிகளுக்கிடையில் மாற்றிக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. ஓர் எழுத்து மாறியதற்காகச் சத்தியக்கடதாசி முடித்துக்கொண்டு வெள்ளவத்தைக்கும் பத்தரமுல்லைக்கும் அலைந்தவர்களை நாளாந்தம் பார்க்கிறவள். அப்படியிருந்தும் இந்த விடயத்தில் நான் கோட்டைவிட்டேன். அக்காவின் தம்பியுடைய பெயரின் நடுவில் ஒரு ழகரம் இருந்தது. குடும்ப அட்டையிலிருந்து பார்த்து மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆங்கில எழுத்துகளை அப்படியே குறித்து வைத்துக்கொண்டேன். அது 2000க்குப் பிறகு யாரோ கணினியில் தட்டிய வடிவம் என்பதையும், 1985இல் ஆட்சேர்ப்பு முகாமில் உட்கார்ந்திருந்த எழுத்தர் தமிழே தெரியாதவராக இருந்திருக்கலாம் என்பதையும் நான் யோசிக்கவேயில்லை.

இப்படித் தேடி வருகிறவர்கள் வீட்டிலுள்ள பழைய தாள்களையெல்லாம் கிளறிப் பார்த்துவிட்டு வர வேண்டும். குடும்ப ஓய்வூதியப் புத்தகம், தந்தி, படைப்பிரிவின் கட்டளை அதிகாரி எழுதிய இரங்கல் கடிதம் ஆகியவற்றில் எது இருந்தாலும் அதன் தெளிவான நகலோடு வாருங்கள். படையில் அவருக்கிருந்த எண்ணையும் பிரிவையும் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எதுவுமே எஞ்சவில்லையென்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்கலாம். மதராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்தவரென்றால் அதன் பதிவேடுகள் நீலகிரியில் வெலிங்டனில் இருக்கின்றன. டெல்லியில் 2019 பெப்ரவரியில் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்திலும் இலங்கையில் இறந்தவர்களின் பெயர்கள் உள்ளன. அதன் இணையத்தளத்தில் பெயரைத் தேடிப் பார்த்து, அங்கே எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. எங்களுக்கு இது பின்னால்தான் தெரிய வந்தது.

இரண்டாம் உலகப் போரில் இறந்த ஒருவரைக் கொழும்பில் தேடுவதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு கடினம் என்பது புரியும். சில ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்காகப் பொரளை கனத்தை மயானத்துக்குப் போயிருந்தேன். பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் குடும்பப்பெயரைத் தட்டியதும், எந்த மயானம், எத்தனையாவது கல்லறை என்பதெல்லாம் ஐந்து நிமிடத்தில் கிடைத்தன. அவர்களுக்கு ஒரு கல்லறை இருந்தது, அதன் தலைமாட்டில் நின்று அழ முடிந்தது. அக்காவுக்கு அதுகூட இல்லை. சாம்பலைப் பாலாற்றில் கரைத்தாயிற்று. மிஞ்சியது ஒரு வரி எழுத்து மட்டும்தான்.

அவர்கள் வந்திறங்கிய இரவு இடியப்பமும் சொதியும் செய்திருந்தேன். அக்கா சொதியை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "இதத்தான் எழுதியிருந்தான். மஞ்சத் தண்ணி மாதிரி ஒண்ணு ஊத்துறாங்க, ஆனா நல்லா இருக்குன்னு" என்றார். பிறகு பையிலிருந்து நான்கு கடிதங்களை எடுத்தார். கோடு போட்ட தாளில், எழுத்துகளுக்கு மேல் தலையை முட்டிக்கொண்டு நிற்கும் இரட்டைக் கொம்புகளோடு, பள்ளிக்கூடக் கையெழுத்து. மூன்றாவது கடிதத்தில் ஓர் இடத்தை அக்கா விரலால் தொட்டுக் காட்டி என்னை உரத்து வாசிக்கச் சொன்னார். தம்பி எழுதியிருந்தது இதுதான்: "நேற்று ஒரு பாட்டி என்னை ரொம்ப நேரம் திட்டினார்கள். தமிழிலேயே திட்டினார்கள். வேறு பாஷையில் திட்டியிருந்தால் ஒன்றும் தெரியாமல் போயிருக்கும். எல்லாம் புரிந்துவிட்டது அக்கா."

என் அம்மம்மாவும் அந்த நாட்களில் காவலரண் ஒன்றில் தமிழ் பேசிய சிப்பாய் ஒருவரைத் திட்டியிருக்கிறார். நான் பக்கத்தில் நின்று அவருடைய சேலையை இழுத்துக்கொண்டிருந்தேன். ஆனால் எங்கள் ஊர் வேறு, அந்தத் தம்பி இருந்த இடம் வேறு, காலமும் பொருந்தாது. கதைக்கு வசதியாக இரண்டையும் முடிச்சுப்போட எனக்கு விருப்பமில்லை. அந்த இரண்டரை ஆண்டுகளில் திட்டாத பாட்டிமார் குறைவு.

சாப்பிட்டு முடித்து, மகன் பல்கனியில் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, அக்கா குரலைத் தாழ்த்திக் கேட்டார். "எங்க பசங்க இங்க ரொம்பத் தப்புப் பண்ணாங்கன்னு சொல்றாங்களே, நெஜமாம்மா?"

கூட்டிச்செல்கிறவர்கள் இந்தக் கேள்விக்குத் தயாராக இருக்க வேண்டும். அவர்கள் கேட்காதபோது நாமாக எடுத்துச் சொல்லக்கூடாது என்று நான் முன்பே தீர்மானித்திருந்தேன். இறந்தவரைப் பார்க்க வந்த உறவினரிடம் வழக்கு விசாரிப்பது பண்பல்ல. ஆனால் கேட்டுவிட்டால் மழுப்பக்கூடாது. நான் பதிவில் உள்ள ஒன்றை மட்டும் சொன்னேன்: 1987 ஒக்டோபர் 21, தீபாவளி நாள், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் படையினர் புகுந்து நோயாளிகளையும் வைத்தியர்களையும் தாதியரையும் சுட்டார்கள், இறந்தவர்கள் அறுபதுக்கு மேல். அவர் மறுத்துப் பேசவில்லை, அழவும் இல்லை. சிறிது நேரம் விரல்களை மடக்கி எதையோ எண்ணினார். பிறகு, "அவன் பொங்கல் முடிஞ்சுதான் கப்பல் ஏறினான். அப்ப அவன் இங்க இல்ல" என்றார். அந்த முகத்தில் வந்த ஆறுதலை நான் பார்த்தேன். என் ஊர் ஆஸ்பத்திரியின் சாவுகளைச் சொல்லி முடித்த மறுகணத்தில் இன்னொருத்தி அடைந்த ஆறுதல் அது. எனக்குக் கோபம் வரவேண்டும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. ஏன் என்று இன்றுவரை முழுதாக விளங்கவில்லை. ஒருவேளை அவர் தேதியைக் கணக்குப் பார்த்ததே, நான் சொன்னதை நம்பியதற்கு அடையாளம் என்பதால் இருக்கலாம்.

மறுநாள் காலை வெள்ளவத்தைச் சந்தையில் மல்லிகைச் சரமும் இரண்டு செவ்வந்தி மாலையும் வாங்கினோம். முச்சக்கரவண்டிக்காரரிடம், பத்தரமுல்லைப் பக்கம், நாடாளுமன்றத்துக்குக் கிட்ட உள்ள படையினர் நினைவுத்தூபி என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு ராஜகிரிய வழியாக நேரே கூட்டிப்போய் நிறுத்திய இடம், இலங்கைப் படையினருக்கான ரணவிரு நினைவுத்தூபி. பிழை அவருடையதல்ல. நாடாளுமன்றத்தை அண்டிய அந்தப் பகுதியில் நினைவுச்சின்னம் என்றால் கொழும்பில் யாருக்கும் அதுதான் நினைவுக்கு வரும். ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் தொலைக்காட்சியில் காட்டப்படுவதும் அதுதான். அக்கா மாலைப் பையோடு இறங்கி இரண்டடி நடந்துவிட்டார். நான்தான் பலகையைப் பார்த்து, இது இல்லை அக்கா, ஏறுங்கோ என்றேன். அந்த இடத்தில் நிற்பது எனக்குள் எழுப்பிய எண்ணங்கள் வேறு. அவற்றுக்கு அன்று நேரமில்லை. ஆகையால் போகிறவர்கள் ஐ.பி.கே.எஃப். நினைவுச்சின்னம் என்று அந்த ஆங்கில எழுத்துகளையே சொல்லுங்கள், அல்லது 'இந்தியன் ஆமி' என்று அழுத்திச் சொல்லுங்கள். போவதற்கு முன் உள்ளே செல்லும் நேரத்தைத் தொலைபேசியில் விசாரித்துக்கொள்வதும் நல்லது. ஜனவரி 26, ஆகஸ்ட் 15 ஆகிய நாட்களில் இந்திய உயர்ஸ்தானிகராலயத்தினர் அங்கே மலர்வளையம் வைப்பார்கள். ஆற அமர நின்று தேட விரும்பும் குடும்பம் அந்த நாட்களைத் தவிர்ப்பதே மேல்.

நாங்கள் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது தியவன்னா ஓயாப் பக்கமிருந்து மழை வந்துவிட்டது. ஒக்டோபர் மழை கொழும்பில் பொழுது பார்த்து வருவதில்லை. ஒரு குடைக்குள் மூன்று பேராக நின்றோம். கறுப்புக் கல்லில் ஆங்கில எழுத்துகளில் பெயர்கள், பெயர்கள், பெயர்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட பெயர்களை ஒருவர் கண்ணால் மட்டும் மேய்ந்தால் நடுவில் வரி தவறிவிடும். ஒருவர் விரலை வைத்து உரத்து வாசிக்க, மற்றவர் கையிலுள்ள தாளைப் பார்த்துக்கொண்டு கேட்பதே சரியான முறை. மகன் வாசித்தான், நான் கேட்டேன். பஞ்சாபிப் பெயர்கள், கூர்க்காப் பெயர்கள், மராட்டியப் பெயர்கள். இடையிடையே தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் உரிய பெயர்கள் வரும்போது மட்டும் அக்கா நிமிர்ந்து பார்ப்பார். இறுதிவரை வாசித்தோம். அவர் பெயர் இல்லை.

அந்த நேரத்தில் அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. "வரலன்னு சொல்லிட்டாங்களா?" என்று கேட்டார். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டியலில் தம்பியைத் தேடிய அதே வார்த்தைகளாக அவை இருந்திருக்க வேண்டும். பிறகு, பையின் அடியில் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். இங்கிலீசில் இருக்கிறது, வீட்டில் யாரும் முழுதாகப் படித்ததில்லை என்றார். கட்டளை அதிகாரியின் இரங்கல் கடிதம். தட்டச்சு செய்யப்பட்டது, 'ஈ' எழுத்து ஒவ்வொன்றும் சற்று மேலேறி நின்றது. கடிதத்தின் இரண்டாம் வரியில் அந்தப் பெயர் இருந்தது. ழகரத்துக்கு 'இசட் எச்' இல்லை, ஒற்றை 'எல்' இருந்தது. முன்னால் இருக்க வேண்டிய தகப்பன் பெயரின் முதலெழுத்து, முழுப்பெயராக விரிந்து பின்னால் போயிருந்தது. நாங்கள் தேடியது ஒருவரை, படை அறிந்திருந்தது இன்னொருவரை.

இரண்டாவது முறை வாசிக்கத் தொடங்கிப் பத்து நிமிடத்துக்குள் மகனின் விரல் நின்றது.

அக்கா உடனே கிட்டப் போகவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு போய், எழுத்துகளின் குழிகளில் தேங்கியிருந்த மழைநீரைச் சேலைத் தலைப்பால் ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தார், குழந்தையின் காதைத் துடைப்பதுபோல. அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. "இதுல எதும்மா 'ழ'?" என்று கேட்டார். அந்த 'எல்'லைத் தொட்டுக் காட்டினேன். அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார். மகன், பிழையாக எழுதியிருக்கிறார்கள், ஊருக்குப் போனதும் மனு எழுதித் திருத்தச் சொல்ல வேண்டும் என்று சினந்தான். அக்கா திரும்பாமலே சொன்னார்: "விடுடா. பட்டாளத்துல அவன அப்படித்தான் கூப்ட்டிருப்பாங்க. அவனும் அந்தப் பேருக்குத்தான் திரும்பிப் பாத்திருப்பான்."

பெயரைப் படி எடுத்துப் போவது பற்றி ஒரு சொல். கைபேசியில் படம் எடுத்தால் பளபளக்கும் கறுப்புக் கல்லில் எடுப்பவரின் உருவமும் குடையும்தான் விழுகின்றன. சற்றுப் பக்கவாட்டில் நின்று, ஒளி சரிவாக விழும்படி எடுக்க வேண்டும். அதைவிட நல்லது மெல்லிய தாளைப் பெயரின் மேல் வைத்து, கூர் மழுங்கிய பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்ப்பது. பிள்ளைகள் நாணயத்தை வைத்துத் தேய்ப்பார்களே, அதே வித்தைதான். நான் பட்டத்தாள் கொண்டுபோயிருந்தேன். கல் ஈரமாக இருந்ததால் முதல் இரண்டு தாள்கள் கிழிந்தன. மழை விட்டு அரைமணி நேரம் காத்திருந்து, காவலில் இருந்தவர் தந்த பழைய துணியால் துடைத்த பிறகு மூன்றாவது தாளில் எழுத்துகள் வெள்ளையாக எழுந்து வந்தன. எடுப்பதற்கு முன் அவரிடம் அனுமதி கேட்டோம், நீங்களும் கேளுங்கள். கர்ப்பூரம் கொளுத்துவதற்கும் அப்படியே. கல்லில் கொளுத்தினால் கறை பிடிக்கும் என்பதால் நாங்கள் கொண்டுபோன சிறு தட்டிலேயே காட்டினோம். அக்கா வீட்டிலிருந்து சுட்டு எடுத்து வந்த அதிரசம் நாலைந்தை வைத்துப் படைத்துவிட்டு, ஒன்றைக் காவலருக்கும் ஒன்றை முச்சக்கரவண்டிக்காரருக்கும் கொடுத்தார். முச்சக்கரவண்டிக்காரர் அதைக் கடித்துவிட்டு, எங்கள் கெவுமைப் போலவே இருக்கிறது என்றார்.

அந்த இரங்கல் கடிதத்தை வீட்டுக்கு வந்து முழுவதும் மொழிபெயர்த்துக் கொடுத்தேன். அப்போதுதான் இன்னொரு விடயம் வெளிப்பட்டது. குடும்பத்தார் தந்தி வந்த நாளை வைத்தே முப்பத்தைந்து ஆண்டுகளாகத் திதி கொடுத்து வந்திருக்கிறார்கள். கடிதத்தின்படி அவர் இறந்தது அதற்கு மூன்று நாட்கள் முன்பு. நாங்கள் திவசம் என்று சொல்லும் அந்தக் காரியத்தில் மூன்று நாள் பிசகினால் திதியே மாறிவிடும். அக்கா இதைக் கேட்டு மிகவும் கலங்கிப்போனார். கல்லில் பெயர் கிடைக்காதபோது கலங்கியதைவிட அதிகமாக. நான் வழக்கமாகப் போகும் கோயில் ஐயரிடம் கூட்டிப்போனேன். அவர் பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சரியான திதியை எழுதிக் கொடுத்துவிட்டு, அறியாமல் கொடுத்ததும் போய்ச் சேர்ந்திருக்கும், இனிமேல் இதைப் பாருங்கள் என்றார். படையினரின் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும்: தந்தியின் தேதி வேறு, சாவின் தேதி வேறு. பழைய கடிதங்களை ஆங்கிலம் நன்கு தெரிந்த ஒருவரிடம் கொடுத்து ஒரு தடவையாவது முழுதாக வாசிக்கச் சொல்லுங்கள்.

பட்டத்தாளை மடிக்கக்கூடாது. பழைய நாளேடு ஒன்றுக்குள் வைத்து, இரண்டு மட்டைகளுக்கிடையே கட்டிக் கொடுத்தேன். கட்டுநாயக்காவுக்குப் போகும் வழியில், வாகனத்துக்குள் அக்கா திடீரென்று கேட்டார்: "உங்க வீட்ல அந்த வருஷம் யாராவது போனாங்களா?"

நான்கு ஆண்டுப் பழக்கத்தில் அவர் இதைக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. பெரியப்பா என்றேன். 1987 ஒக்டோபர், மாட்டை அவிழ்த்துவிட வீட்டுக்குத் திரும்பிப் போனவர், ஷெல் விழுந்து, வளவுக்குள்ளேயே. அந்தக் கிழமை எதையும் முறைப்படி செய்ய முடியவில்லை. அயலவர் நாலு பேர் அந்த வளவின் மூலையிலேயே எரித்தார்கள். கல்லும் இல்லை, பட்டியலும் இல்லை.

"அவருக்கு யாரு திதி குடுக்கறாங்க?"

மகன் கனடாவில் இருக்கிறார், ஞாபகம் வந்தால் கொடுப்பார் என்றேன். அக்கா வேறெதுவும் கேட்கவில்லை. விமான நிலையத்தில் மட்டையை இரு கைகளாலும் மார்போடு அணைத்துக்கொண்டு, பாதுகாப்புச் சோதனைக்காரரிடம் கொடுக்கத் தயங்கி நின்றதுதான் நான் கண்ட கடைசிக் காட்சி.

அடுத்த ஆண்டு புரட்டாசி மாதம், மகாளய அமாவாசையன்று, காலை ஏழு மணியிருக்கும், வேலூரிலிருந்து அழைப்பு வந்தது. பாலாற்றங்கரையில் நிற்கிறோம் என்றார் அக்கா. பின்னால் மந்திரம் சொல்லும் சத்தமும் யாரோ யாரையோ அதட்டும் சத்தமும் கேட்டன. மகன் தாய்மாமனுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு எள்ளும் தண்ணீருமாக உட்கார்ந்திருக்கிறானாம். "உங்க பெரியப்பா பேர மட்டும் சரியாச் சொல்லுங்கம்மா, ஐயரு கேக்கறாரு. தப்பா சொல்லிடக் கூடாது பாருங்க" என்றார்.

நான் எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.